கையில் அட்டை இருக்கிறது, டாக்டர் எங்கே?

அமெரிக்காவில் "லைஃப்" என்று ஒரு படப் பத்திரிகை வெளிவந்துகொண்டிருந்தது. 1948-ம் ஆண்டு செப்டம்பரில் அது ஒரு நாட்டுப்புற டாக்டரின் அன்றாட வாழ்க்கையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டது. படம் எடுத்தவர் யூஜீன் ஸ்மித். டாக்டரின் பெயர் எர்னஸ்ட் செரியானி. ஊர், கொலராடோ ராஜ்யத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் கிரெம்லிங். ஊரில் சுமார் ஆயிரம் பேர். சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் இரண்டாயிரம் பேர். அத்தனை பேருக்கும் அவர் ஒருவர்தான் டாக்டர்!

கையிலே பை. காலடியிலே புல்லும் பூண்டும். தலைக்கு மேலே கறுத்த மேகம். மனிதர் விறுவிறு என்று நடந்து போகிறார். யாருக்கோ உடம்பு சரியில்லை. இன்னொரு படத்தில், குதிரை உதைத்து நெற்றி பிளந்த ஒரு சின்னஞ்சிறு பெண்ணுக்குத் தையல் போட்டுவிட்டுக் கவலையோடு நிற்கிறார். மற்றொரு படத்தில் நடுநிசி ஆபரேஷன் முடிந்து, காப்பிக் கோப்பையும் சிகரெட்டுமாக, அசந்துபோய்ச் சாய்ந்திருக்கிறார்.

அந்தப் படங்கள் அமெரிக்கர்கள் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டன. குடும்ப டாக்டர் என்றால் அவர்களுக்கு அந்த முகம்தான். இன்றைக்கும் சிற்றூருக்குக் குடிபோகிறவர்கள், அங்கே அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பித்தான் போகிறார்கள்.

இருக்கவும் இருக்கலாம். ஆனால் டெலிபோன் செய்தால் அவருடைய அலுவலகத்திலிருந்து வரும் முதல் கேள்வி, "உடம்புக்கு என்ன?" என்பதல்ல. "எந்த இன்ஷூரன்ஸ்?" என்பதுதான்.

"மன்னிக்க வேண்டும், அம்மா!"

ஓர் ஏழைத் தாய் என்று வைத்துக்கொள்வோம். பலசரக்குக் கடையில் பில் போடும் வேலை. குழந்தைக்கு இரண்டு நாளாகக் காது வலி. ராத்திரி முழுவதும் ஜுரம். சர்க்கார் இன்ஷூரன்ஸ் அட்டை கையில் இருக்கிறது. அதோடு, அந்த அட்டையை ஏற்றுக்கொள்ளும் டாக்டர்களின் பட்டியலும் இருக்கிறது. முதல் பெயருக்கு டெலிபோன் செய்கிறாள்.

"அந்த டாக்டர் இந்த ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறதே!"

அடுத்த பெயர்.

"டாக்டர் இருக்கிறார், அம்மா. ஆனால் இந்த இன்ஷூரன்ஸை இப்போது எடுத்துக்கொள்வதில்லை. மன்னிக்க வேண்டும்."

மூன்றாவது பெயர்.

"எடுத்துக்கொள்கிறோம். ஆனால் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை."

நான்காவது இடத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். எப்போது? ஆறு வாரம் கழித்து! காது வலி ஆறு வாரம் காத்திருக்குமா?

இது மிகையல்ல. மத்திய சுகாதார இலாகாவின் தணிக்கை அலுவலகம் 2014-ல் இதையே செய்து பார்த்தது. பட்டியல்களிலிருந்து சுமார் 1,800 டாக்டர்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொருவராக டெலிபோனில் கூப்பிட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் நேரம் ஒதுக்கித் தர முடியாதவர்கள். 100-க்கு 35 பேர் பட்டியலில் கண்ட விலாசத்திலேயே இல்லை! 8 பேர், இருந்தும் அந்த இன்ஷூரன்ஸை ஏற்காதவர்கள். இன்னும் 8 பேர், புது ஆட்களைச் சேர்க்காதவர்கள். நேரம் தந்தவர்களிலும் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரு மாதத்துக்கும் அதிகமாகக் காத்திருக்கச் சொன்னார்கள். இத்தகைய பட்டியலுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் "பேய்ப் பட்டியல்". பொருத்தமான பெயர்தான்.

பெருநகரமாக இருந்தால் நான்கு பேர் கைவிரித்தாலும் நாற்பது பேர் மிச்சம் இருப்பார்கள். சிற்றூரில் நாலாவது பெயரோடு பட்டியலே முடிந்துவிடும். சிக்கல் அங்கேதான்.

இரண்டு அட்டைகள்

சர்க்கார் இன்ஷூரன்ஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் அமெரிக்காவில் அது ஒன்றல்ல, முக்கியமாக இரண்டு. ஒன்று மெடிக்கேர், இன்னொன்று மெடிக்கெய்ட். பெயரைக் கேட்டால் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். பிறந்ததும் ஒரே நாளில்தான்.

எல்லோருக்கும் வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று 1945-லேயே காங்கிரஸ் சபையைக் கேட்டவர் ஜனாதிபதி ட்ரூமன். டாக்டர்கள் சங்கம் அதை மூர்க்கமாக எதிர்த்தது. "இது சோஷலிஸ வைத்தியம்!" என்று நாடெங்கும் பிரசாரம் நடந்தது. ட்ரூமனின் திட்டம் படுத்துவிட்டது. இருபது வருஷம் கழித்து, 1965 ஜூலை 30-ம் தேதி, ஜனாதிபதி ஜான்சன் மிஸ்ஸௌரி ராஜ்யத்திலுள்ள இண்டிபென்டன்ஸ் என்ற ஊருக்கே போனார். அது ட்ரூமனின் சொந்த ஊர். அங்கே கிழவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சட்டத்தில் கையெழுத்துப் போட்டு, மெடிக்கேரின் முதல் அட்டையை அவருக்கே வழங்கினார்.

மெடிக்கேர், 65 வயது கடந்தவர்களுக்கும் அங்கஹீனர்கள் சிலருக்கும் உரியது. மத்திய சர்க்கார் நேராக நடத்துகிறது. பெரும்பாலான டாக்டர்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். கிழவர்களை வேண்டாம் என்றால் சிற்றூர் டாக்டருக்கு யார் மிஞ்சுவார்கள்?

மெடிக்கெய்ட் அதே சட்டத்தில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏழைகள், அவர்களுடைய குழந்தைகள், கர்ப்பிணிகள், அங்கஹீனர்கள் ஆகியோருக்கு உரியது. மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் செலவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன; நடத்துவது ராஜ்யம். விருப்பமுள்ள ராஜ்யம் சேரலாம் என்று விட்டுவிட்டார்கள். அரிஸோனா 1982 வரை சேரவே இல்லை! இன்று ஏறக்குறைய 7 கோடிப் பேர் இதில் இருக்கிறார்கள். நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 40 குழந்தைகளின் பிரசவச் செலவு இந்தக் கணக்கில்தான் போகிறது.

பெயரோ ஊருக்கு ஒன்று. கலிபோர்னியாவில் மெடி-கால், டென்னசியில் டென்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர். அதற்குமேல், பல ராஜ்யங்கள் இதைத் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் ஒப்படைத்திருப்பதால் அட்டையில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். "உங்களுக்கு மெடிக்கெய்டா?" என்று கேட்டால் "இல்லையே" என்று சொல்லும் மெடிக்கெய்ட்காரர்களும் உண்டு. அவர்கள்மீது குற்றமில்லை.

டாக்டர் ஏன் மறுக்கிறார்?

டாக்டர்களை ஈரமற்றவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். கணக்கையும் பார்க்க வேண்டும்.

குடும்ப டாக்டரின் ஒரு வேலைக்கு மெடிக்கேர் 100 டாலர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2019-ம் ஆண்டுக் கணக்குப்படி அதே வேலைக்கு மெடிக்கெய்ட் சராசரியாகக் கொடுத்தது 67 டாலர். அலாஸ்காவைப் போல மெடிக்கேரைவிட அதிகம் கொடுக்கும் ராஜ்யமும் உண்டு. அதில் பாதிகூடக் கொடுக்காத ராஜ்யமும் உண்டு. மிச்சப் பணத்தை நோயாளியிடம் கேட்கலாமா? கூடாது. சர்க்கார் கொடுப்பதுதான் முழுக் கூலி என்பது சட்டம்.

பணம் குறைவு என்பதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பில் அனுப்பினால் திரும்பி வரும். "இந்த எண் தவறு", "அந்தத் தஸ்தாவேஜு இல்லை" என்று காரணம் சொல்வார்கள். இப்படி மறுத்தும் இழுத்தும் அடிப்பதில், மெடிக்கெய்டிலிருந்து வரவேண்டிய தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு டாக்டர்களுக்கு நஷ்டமாகிறது என்று பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இதற்கென்றே ஒரு குமாஸ்தாப் படை இருக்கும். ஒரு நர்ஸும் ஒரு குமாஸ்தாவும் வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்தும் சிற்றூர் டாக்டர் எங்கே போவார்? வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் கொடுத்தாக வேண்டுமே!

"நோயாளிக்கு மற்றவர்களைப்போல் டாக்டர் கிடைக்கும் அளவுக்குக் கட்டணம் இருக்க வேண்டும்" என்று சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. அதைக் காட்டி, கட்டணத்தை உயர்த்தும்படி ராஜ்யத்தின்மீது வழக்குப் போடலாமா? போட முடியாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டாக்டர் இந்த அட்டையை ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆகவே பாரம் சிலர் தலையில் விழுகிறது. நான்கு ராஜ்யங்களின் பட்டியல்களை ஆராய்ந்து 2022-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பட்டியலில் இருந்த பொது டாக்டர்களில் கால் பங்கினர், மொத்த வைத்தியத்தில் 100-க்கு 86 பங்கைப் பார்த்திருந்தார்கள். மற்ற முக்கால் பங்கினருக்கும் சேர்த்து மிச்சம் 14!

அந்தக் கால் பங்கினர் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் தேடுகிறவர்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

மலைநாட்டில் ஒரு திருவிழா

வர்ஜீனியா ராஜ்யத்தின் தென்மேற்குக் கோடியில், அப்பலாச்சியன் மலைத்தொடரில் வைஸ் என்று ஒரு ஜில்லா. நிலக்கரிச் சுரங்கச் சீமை. இங்கே 2000-ம் ஆண்டிலிருந்து பல வருஷங்கள் கோடையில் ஒரு கூட்டம் கூடியது. சந்தைத் திடலில் விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பார்கள். ராத்திரியே வந்து காரில் படுத்துக்கொள்வார்கள். வேடிக்கை பார்க்க அல்ல. பல்லைப் பிடுங்கிக்கொள்ளவும், கண்ணைச் சோதித்துக்கொள்ளவும், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளவும்! கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டிய கொட்டில்களில் துணியைத் தொங்கவிட்டு டாக்டர்கள் இலவசமாக வைத்தியம் செய்தார்கள்.

இதை நடத்தியவர் ஸ்டான் பிராக் என்ற இங்கிலாந்துக்காரர். இளமையில் தென்னமெரிக்கக் கயானாவின் காட்டுப் பகுதியில் மாடு மேய்க்கும் பண்ணையில் இருந்தவர். வைத்தியம் எட்டாத தூர தேசத்து மக்களுக்கு உதவ 1985-ல் ஒரு சங்கம் தொடங்கினார். கடைசியில் அந்தச் சங்கத்துக்கு அமெரிக்காவிலேயே வேலை சரியாக இருந்தது. 2018-ல் அவர் காலமானார்.

அதே மலைகளில் பெர்னி கென்னி என்ற கன்னியாஸ்திரீ 1980-ல் ஒரு சிறிய வோக்ஸ்வாகன் காரை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்று நர்ஸ் வேலை பார்க்கத் தொடங்கினார். அந்தச் சேவை இன்று வளர்ந்து, பெரிய வண்டிகளும் கட்டடமும் கொண்டதாக நடக்கிறது.

2019 ஜனவரி முதல் தேதி வர்ஜீனியா ராஜ்யம் மெடிக்கெய்டை விரிவாக்கியது. அதுவரை, எவ்வளவு ஏழையாக இருந்தாலும் பிள்ளைக் குட்டி இல்லாத, உடல் ஊனமில்லாத ஆளுக்கு அங்கே மெடிக்கெய்ட் கிடையாது. இப்போது கிடைத்தது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் புதிதாக அட்டை வாங்கினார்கள். திடலில் வரிசையில் நின்றவர்கள் சட்டைப் பையில் அட்டையோடு டாக்டரைத் தேடப் புறப்பட்டார்கள்.

உணவுக்கு மருந்துச் சீட்டு!

அட்டை பிறந்த அதே 1965-ம் வருஷத்தில் இரண்டு டாக்டர்கள் ஒரு யோசனையோடு வாஷிங்டனுக்குப் போனார்கள். ஜாக் கைகர் ஒருவர். கவுண்ட் கிப்ஸன் மற்றவர். "ஏழைகளை டாக்டரிடம் வரச் சொல்லாதீர்கள். ஏழைகள் இருக்கும் இடத்திலேயே நிலையம் வையுங்கள்" என்பது அந்த யோசனை. சர்க்கார் பணம் கொடுத்தது. ஒரு நிலையம் பாஸ்டன் நகரில். மற்றொன்று மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்தில், விடுதலை பெற்ற நீக்ரோ அடிமைகள் 1887-ல் தாங்களே நிறுவிக்கொண்ட மௌண்ட் பேயூ என்ற சிற்றூரில்.

மௌண்ட் பேயூவுக்கு வந்த குழந்தைகளுக்கு முக்கிய வியாதி, பசி. டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும் காய்கறியும் எழுதிக் கொடுத்தார்கள்! மளிகைக் கடைக்காரர் சாமானைக் கொடுத்துவிட்டு, நிலையத்தின் மருந்துக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டார். மேலிடத்துக்குக் கோபம். மருந்துப் பணத்தில் மளிகையா? ஊட்டக் குறைவுக்கு உணவுதான் மருந்து என்று கைகர் பதில் சொன்னார். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்!

அந்த இரண்டு நிலையங்களின் வழிவந்தவை இன்று சுமார் 1,400 ஸ்தாபனங்கள். 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள். மெடிக்கெய்ட் அட்டையை அவர்கள் ஏற்றுத்தான் ஆகவேண்டும். அட்டையே இல்லாதவரையும் வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் பார்க்க வேண்டும். அவர்களால் மட்டும் எப்படி முடிகிறது? கட்டணமே வேறு கணக்கு. ஒவ்வொரு தடவை நோயாளி வரும்போதும், செலவுக்குக் கட்டுபடியாகும் ஒரு தொகையை மெடிக்கெய்ட் மொத்தமாகக் கொடுக்கிறது.

நாட்டுப்புறத்துக்கென்று 1977-ல் இன்னொரு வகை நிலையத்துக்கும் காங்கிரஸ் சபை சட்டம் செய்தது. அங்கே, டாக்டர் இல்லாத நேரத்தில் உயர்தரப் பயிற்சி பெற்ற நர்ஸோ, டாக்டரின் துணைவரோ நோயாளியைப் பார்க்கலாம். நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் பாதியாவது அத்தகையவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் இப்படி உண்டு. "டாக்டர்தான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்காதவர்களுக்குச் சீக்கிரம் நேரம் கிடைக்கிறது. ஜுரத்துக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்த நர்ஸ் போதும்.

இன்னொரு வகையினர் வெளிநாட்டு டாக்டர்கள். பயிற்சிக்காக வந்தவர்கள் முடிந்ததும் தாய்நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பது ஒரு விஸா விதி. டாக்டர் பஞ்சமுள்ள இடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் திரும்ப வேண்டியதில்லை என்று 1994-ல் ஒரு சலுகை வந்தது. கொண்டுவந்தவர் வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட். இன்று ராஜ்யம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 30 பேர். சுரங்க ஊரிலும் கோதுமைச் சீமையிலும் நம் நாட்டுப் பெயர்ப் பலகைகள் தொங்குவதற்கு இது ஒரு காரணம். ஆனால் இந்தச் சட்டத்துக்கு முன்பே நம்மவர்கள் அங்கே போயிருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ் 1980-களில் டென்னசி மலைநாட்டு ஜான்சன் சிட்டியில் டாக்டராக இருந்தார். அந்த அனுபவத்தை 1994-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

தேடும் வழி

இத்தனையும் தெரிந்தால் தேடும் முறையே மாறிவிடும். பட்டியலை மேலிருந்து கீழாகக் கூப்பிட்டுக்கொண்டு போவதில் பயனில்லை. முதலில் சமூக சுகாதார நிலையம், அடுத்தது நாட்டுப்புற நிலையம், பிறகு ஊர் ஆஸ்பத்திரியே நடத்தும் பொது வைத்தியப் பிரிவு. தனி டாக்டர்கள் கடைசி.

கேட்கும் கேள்வியிலும் சூட்சுமம் இருக்கிறது. "மெடிக்கெய்ட் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்றால் "ஆம்" என்று வரும், நேரில் போனால் "உங்கள் கம்பெனி இல்லை" என்பார்கள். அட்டையிலுள்ள கம்பெனியின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டி, "இந்தத் திட்டத்தில், இந்த விலாசத்தில், இந்த டாக்டர் புது நோயாளியைச் சேர்க்கிறாரா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட வேண்டும். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்வது நல்லது. எல்லோரும் கைவிரித்தால் அட்டையின் பின்புறத்திலுள்ள நம்பரில் கம்பெனியையே கூப்பிடலாம். டாக்டரைக் கண்டுபிடித்துத் தருவது அவர்கள் பொறுப்பு. அதற்காகத்தான் அவர்களுக்கு ராஜ்யம் மாதாமாதம் பணம் கொடுக்கிறது. அசையவில்லை என்றால் மெடிக்கெய்ட் அலுவலகத்துக்கு மனு.

ஊர் மருந்துக் கடைக்காரரிடம் கேட்பது இவை எல்லாவற்றையும்விடச் சுலபம். யார் எழுதிய சீட்டு எந்த இன்ஷூரன்ஸில் வருகிறது என்று தினமும் பார்க்கிறவர் அவர். பள்ளிக்கூட நர்ஸுக்கும் தெரியும்.

டாக்டர் அறுபது மைலுக்கு அப்பால்தான் கிடைத்தார், கார் இல்லை என்றால்? அதற்கும் வழி உண்டு. டாக்டரிடம் போய்வர வாகன வசதி செய்துதருவது மெடிக்கெய்டின் கடமைகளில் ஒன்று. முன்கூட்டியே சொல்லிவைத்தால் வண்டி வரும். பாதிப் பேருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது என்றால் ஆச்சரியப்படுவதற்கில்லை. அட்டையில் அது கொட்டை எழுத்தில் இல்லை.

ஒன்றும் கிடைக்காதவர் கடைசியில் போவது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு. 1986-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே, பணம் கேட்டு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. காது வலியோடு அங்கே இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். மருந்து கிடைக்கும். ஆனால் அந்தக் குழந்தைக்குப் போன மாதமும் இதே வலி வந்தது என்பதை அறிந்த டாக்டர் அங்கே இருக்கமாட்டார். சர்க்கரை வியாதிக்காரர் கதை இன்னும் மோசம். அவசரப் பிரிவுக்கு வரும்போது பெரும்பாலும் காலில் புண் முற்றியிருக்கும்.

புதிய சட்டம்

2025 ஜூலை 4-ம் தேதி ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம் மெடிக்கெய்ட் செலவைப் பெருமளவில் குறைக்கிறது. விரிவாக்கத்தில் அட்டை பெற்ற வயது வந்தவர்கள், விலக்குப் பெற்றால் ஒழிய, மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்வதாகக் காட்ட வேண்டும். ராஜ்யங்கள் இதை 2027 ஜனவரிக்குள் அமல் செய்ய வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்த அட்டையை அவர்கள் இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். நாட்டுப்புற வைத்தியத்துக்கென்று ஐந்து வருஷத்துக்கு 5,000 கோடி டாலர் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். குறைவதை இது ஈடுசெய்யாது என்பது நாட்டுப்புற ஆஸ்பத்திரிக்காரர்களின் கவலை.

அட்டை போனால் ஏழைக்கு மட்டும் நஷ்டம் என்று சிற்றூரில் நினைக்க முடியாது. அந்த அட்டைகள் கொண்டுவரும் பணத்தில்தான் அங்கே நிலையம் நடக்கிறது, நர்ஸுக்குச் சம்பளம் போகிறது. கதவு மூடினால் சொந்த இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் பாங்கு ஏஜெண்டும் அறுபது மைல் போக வேண்டியதுதான். 2010-க்குப் பிறகு அமெரிக்க நாட்டுப்புறத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டிருக்கின்றன. வைஸுக்குப் பக்கத்து ஜில்லாவான லீயில், பென்னிங்டன் கேப் ஊரில் இருந்த ஒரே ஆஸ்பத்திரி 2013-ல் மூடியது. அதைத் திரும்பத் திறக்க 2021 ஆயிற்று. இடையில் எட்டு வருஷம், மாரடைப்பு வந்தவரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு அடுத்த ஜில்லாவுக்கு மலைப்பாதையில் ஓடியது.